ஆறு மாதக் குழந்தையோடு ஒரு கோடை: சேலத்திலேயே இருப்பதா, ஏற்காட்டுக்கு ஏறுவதா?

சென்ற செப்டம்பர் கடைசியில் பிறந்த எங்கள் மகளுக்கு இந்தப் பங்குனியில் ஆறு மாதம் நிறைகிறது. சேலம் அம்மாப்பேட்டையில், தறிகள் ஓடும் தெரு ஒன்றில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வாடகை வீட்டில் நாங்கள் குடியிருக்கிறோம்; என்னைப் பெற்றவர்கள் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் இருக்கிறார்கள். மாசி முடியும் முன்பே, "பச்சைப் பிள்ளையை அந்த வெயிலில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய், மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடு" என்று அம்மா தினமும் தொலைபேசியில் சொல்லத் தொடங்கிவிட்டார். "பனியிலும் மழையிலும் கொண்டுபோய் வைத்தால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும், இங்கேயே இருக்கட்டும்" என்று மாமியார் சொல்கிறார். இருவர் சொல்வதிலும் பாதி சரி என்பதால்தான் முடிவெடுக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பைப் பன்னிரண்டு மாதமாக உயர்த்தியிருப்பதால், எங்கே இருப்பது என்று யோசிக்கும் வசதியாவது எனக்கு இருக்கிறது. தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் தோழிக்குச் சட்டப்படி கிடைப்பது 26 வாரம். அதிலும் பிரசவத்துக்கு முன்னால் எடுத்த நாட்களைக் கழித்துவிட்டால், குழந்தை முதல் கவளம் வாங்கும் அதே வாரத்தில் அவள் மறுபடியும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அவளுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை.

எங்கள் முன் இருந்த வழிகள் நான்கு. கோடை முழுவதும் சேலத்திலேயே சமாளிப்பது ஒன்று. நானும் குழந்தையும் ஏப்ரலிலேயே மலையேறிப் பள்ளி திறக்கும் வரை அங்கே தங்குவது இன்னொன்று. வாரத்தில் ஐந்து நாள் மேலே, சனி ஞாயிறு கீழே என்று மாறி மாறி இருக்கலாம் என்பது கணவரின் யோசனை. அம்மாவையே சேலத்துக்கு வரச் சொல்வது நான்காவது. அந்த நான்காவதை உடனே ஒதுக்கிவிட்டோம். அப்பாவுக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேறு ஆள் கிடையாது.

முதலில் வெயில். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற பொதுக் கணக்கை வைத்துக்கொண்டால், சேலத்தில் 39 டிகிரி அடிக்கும் நாளில் மலைமேல் முப்பது, முப்பத்தொன்று இருக்கும். பகலைவிட இரவில்தான் இந்த வித்தியாசம் உறைக்கிறது. எங்கள் வீட்டில் இரவு ஒன்பது மணிக்குப் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தால், சற்று முன் தோசைக்கல் இறக்கிய அடுப்புமேடை போல வெதுவெதுப்பாக இருக்கும். பகல் முழுவதும் குடித்த வெப்பத்தைக் கான்கிரீட் தளம் பதினொரு மணி வரைக்கும் கக்கிக்கொண்டே இருக்கும். குழந்தையின் கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் மார்ச் முதல் வாரத்திலேயே வேர்க்குரு வந்துவிட்டது. பவுடர் போட வேண்டாம், மாவு காற்றோடு மூச்சுக்குழலுக்குள் போகும் என்று தெரிந்துகொண்டதால், ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, மல் துணிச் சட்டையோடு விட்டுவிடுகிறோம்.

ஆனால் வெயிலைச் சமாளிக்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. தளத்தின் மேல் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். வீட்டுக்காரர் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார். மேற்கு ஜன்னலில் நனைத்த பருத்திச் சேலையைத் தொங்கவிட்டிருக்கிறோம். சேலத்தின் மார்ச், ஏப்ரல் காற்று வறண்டது என்பதால் ஏர்கூலர் நன்றாகவே வேலை செய்கிறது; கோடை மழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறிய பிறகுதான் அது சும்மா சத்தம் போடும் பெட்டியாகிவிடுகிறது. அறைக் காற்று உடம்புச் சூட்டை எட்டிவிட்டால் மின்விசிறியும் உதவாது, அனலைத்தான் முகத்தில் வாரி இறைக்கும். ஏசி வாங்கலாமே என்றால், ஒன்றரை டன் ஏசி இரவு பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் அது மட்டுமே 600 யூனிட்டை நெருங்கும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது உண்மைதான்; ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறி, முந்தைய யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். இந்தச் செலவு மே மாதத்துக்கு மட்டும் தவிர்க்க முடியாதது என்று எனக்குத் தோன்றியது, ஏப்ரலுக்கு அல்ல.

மாமியார் அஞ்சும் குளிரைப் பற்றியும் நேர்மையாக எழுத வேண்டும். சளி கிருமியால் வருகிறதே தவிரக் குளிர்ந்த காற்றால் வருவதில்லை. கோடையில் ஏற்காட்டின் இரவு ஒரு கம்பளிச் சட்டைக்கும் காலுறைக்கும் மேல் எதையும் கேட்பதில்லை. மலை வீட்டில் நான் உண்மையாகவே அஞ்சுவது புகையை. அம்மா வீட்டில் வெந்நீருக்கு இன்னும் விறகடுப்புதான். சில்வர் ஓக் கிளைகளும் காப்பிச் செடியின் கவாத்துக் குச்சிகளும் ஈரத்தோடு எரியும்போது எழும் புகை சமையலறையைத் தாண்டிக் கூடம் வரை வரும். அந்தப் புகையைத் தொடர்ந்து சுவாசிக்கும் கைக்குழந்தைகளுக்கு நிமோனியா வருவதற்கான வாய்ப்பு கூடும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. "நீங்கள் எல்லோரும் இதே வீட்டில் வளரவில்லையா?" என்று அம்மா கேட்டார், பதில் சொல்லாமல் ஒரு மின்சார வெந்நீர் ஹீட்டரை வாங்கி அனுப்பிவிட்டேன். நியாயமாகச் சொன்னால், இங்கே சேலத்தில் தலைக்குக் குளிப்பாட்டிய நாளில் மாமியார் போடும் சாம்பிராணியும் இதே கணக்கில்தான் சேரும். அதை நிறுத்தச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. குழந்தையை அடுத்த அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன்.

இடத்தைப் பற்றிய கேள்வியாகத் தொடங்கியது, யோசிக்க யோசிக்கச் சாப்பாட்டைப் பற்றிய கேள்வியாக மாறியது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று இருந்த குழந்தைக்கு இப்போதுதான் திட உணவு தொடங்குகிறது. வயிற்றில் இருந்தபோது சேர்த்து வைத்த இரும்புச்சத்து ஏறக்குறைய இந்த வயதில் குறைந்துவிடும் என்பதால், தொடங்குவதைத் தள்ளிப்போடவும் முடியாது. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டு மாதத்துக்குள் அது அரைக் கிண்ணமாக வளர்ந்தால் சரி. முதல் மூன்று நான்கு வாரம் என்ன கொடுத்தோம், முகம் சுளித்தாளா, வயிறு எப்படிப் போயிற்று, தோலில் தடிப்பு ஏதும் வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய காலம். அந்த நேரத்தில் தண்ணீர், பால், அடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால் எதனால் என்ன நேர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஏப்ரல் மாதம் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது இந்த ஒரு காரணத்தால்தான்.

கேழ்வரகு மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை முளைகட்டினால், தானியத்திலேயே உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்கும். அதே பதத்தில் கூடுதல் மாவு சேர்க்கலாம், சிறு வயிற்றுக்குக் கூடுதல் சக்தி கிடைக்கும். சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும் பைட்டேட்டும் முளைகட்டினால் குறைகிறது. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. இந்த மாவைச் செய்வதற்குச் சேலத்துக் கோடையைப் போல் வசதியான காலம் வேறில்லை. இரவு ஊறவைத்து, காலையில் வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டால், மறுநாள் விடிவதற்குள் ஒவ்வொரு மணியிலும் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். மாடியில் வேட்டியை விரித்துப் பரப்பினால் பொழுது சாய்வதற்குள் சருகாகக் காய்ந்துவிடும். இதையே நாகலூரில் செய்தால் முளைவிடவே இரண்டு நாள் ஆகும். காயவைக்கும்போது பிற்பகல் மூட்டம் இறங்கினால் மணிகளில் பூசணம் பிடிக்கும். ஆகவே மலைக்குப் போவதாக இருந்தாலும், மாவைக் கீழேயே அரைத்துச் சின்னச் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் கொண்டுபோக வேண்டும்.

சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: நம் ஊர் ஜவ்வரிசி குழந்தைக்கு ஏற்ற உணவு என்று பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் மளிகைக் கடைக்காரர் வரை சொல்கிறார்கள். மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படும் அதில் இருப்பது கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்துதான். புரதமும் இரும்பும் இல்லை என்றே சொல்லிவிடலாம். வயிறு நிறையும், உடம்பு தேறாது. அதைவிடப் பாசிப்பருப்பும் அரிசியும் குழைய வேகவைத்து மசித்த சாதம் எவ்வளவோ மேல். அந்தப் பருப்பிலும் மலைக்கும் ஊருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிருமிகளைக் கொல்ல அது போதும், ஆனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு குழைய நேரம் பிடிக்கும். குக்கரில் இரண்டு விசில் கூட்டி வைப்பதே வழி.

அம்மா வீட்டில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. மலைத்தேனைத் தொட்டு நாக்கில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வயது முடியும் முன் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கலாம். அடுத்த வீட்டில் கறக்கும் பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுப்பதும் ஒரு வயதுக்குப் பிறகுதான். உப்பும் சர்க்கரையும் அதுவரை வேண்டாம். இவற்றையெல்லாம் அம்மாவிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். தொலைபேசியில் சொன்னால் சண்டையாகிவிடும்.

துணி உலர்த்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: இங்கே அரை மணியில் காயும், அங்கே அடுப்படிக் கொடியில் மாலை வரை தொங்கும். மலையில் டயப்பர் செலவு கூடும்.

தூக்கம் அப்படியல்ல. எங்கள் தெருவில் விசைத்தறிகள் காலை முதல் இரவு வரை ஓடுகின்றன. அந்தச் சீரான தடதடப்பில்தான் என் மகள் பிறந்ததிலிருந்து தூங்கிப் பழகியிருக்கிறாள். மின்தடையால் தறிகள் ஒரே நேரத்தில் நின்றால்தான் கண்ணைத் திறந்து விழிக்கிறாள். நாகலூரில் தறி கிடையாது. அமைதியில் தூங்கும் குழந்தையை ஒரு நாயின் குரைப்பும் ஓட்டின் மேல் விழும் ஒரு பலாப்பிஞ்சும் எழுப்பிவிடும். டிசம்பரில் மூன்று இரவு தங்கியபோது இதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம். மூன்றாம் நாள்தான் ஒருவாறு பழகினாள். இன்னொன்று, அங்கே உத்தரத்தில் சேலையால் கட்டிய தூளி இருக்கிறது. மூன்று மாதத்தில் அதில் சுருண்டு கிடந்தவள், இப்போது குப்புற விழுந்து, சேலையின் ஓரத்தைப் பிடித்துத் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். எட்டிப் பார்க்கும் குழந்தைக்குத் தூளி இடமல்ல, தரையில் விரித்த கெட்டியான பாயே பத்திரம். தலையணையும் போர்வைக் குவியலும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இது இரண்டு வீட்டுக்கும் பொதுவானது.

இனி கணவரின் யோசனைக்கு வருகிறேன். வாராவாரம் ஏறி இறங்குவது காகிதத்தில் அழகாக இருந்தது: வெயிலும் இல்லை, குழந்தை தன் அப்பாவைப் பிரியவும் வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். டிசம்பர்ப் பயணத்தில் நடுவழியில் ஒரு சுற்றுலாப் பேருந்து திரும்ப முடியாமல் நின்றுவிட, நாற்பது நிமிடம் ஒரே வளைவில் நின்றோம். வண்டி ஓடும்போது மடியில் வைத்துப் பால் கொடுப்பதே ஆபத்து என்று கருதும் நான், நின்ற வண்டியிலும் பின்னால் ஒலித்த ஹார்ன் சத்தத்தில் கொடுக்க முடியாமல் தவித்தேன். ஏறும்போது காது அவ்வளவாக அடைப்பதில்லை; இறங்கும்போதுதான் அடைக்கும், மூக்கடைப்பு இருந்தால் இன்னும் அதிகம். எதையாவது விழுங்கினால் விடும் என்பதால், பாதி வழியில் ஓரிடத்தில் நிறுத்திப் பால் கொடுத்துவிட்டு இறங்குவது நல்லது. இதை மாதம் ஒருமுறை செய்யலாம்; வாரம் இருமுறை செய்தால் சாப்பாட்டு நேரமும் தூக்க நேரமும் குலைந்து, சேர்ந்தாற்போல் நான்கு நாள்கூட அவளுக்கு ஒரே மாதிரி அமையாது. மாலையில் சாலையில் நிற்கும் காட்டெருமைகளைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும், கணவரே தன் யோசனையை விலக்கிக்கொண்டார்.

மருத்துவ வசதியில் சேலத்தை மிஞ்ச முடியாது. இரவு எத்தனை மணியானாலும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு இருபது நிமிடத்தில் போய்விடலாம். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது, சிறு காய்ச்சலுக்கு அது போதும். பெரிதாக ஏதாவது என்றால் அங்கிருந்தும் கீழேதான் அனுப்புவார்கள். நல்லவேளையாக, 14 வாரத் தடுப்பூசிக்குப் பிறகு தேசிய அட்டவணையில் அடுத்தது ஒன்பதாம் மாதத்தில்தான்: தட்டம்மை, ரூபெல்லா ஊசியும் முதல் வைட்டமின் ஏ சொட்டும். எங்களுக்கு அது ஜூன் கடைசியில் வருகிறது. ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை கொடுக்க வேண்டிய ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்தைக் கிராமச் செவிலியரிடம் வாங்கிக் கையோடு கொண்டுபோகலாம். அங்கன்வாடியில் எடை பார்ப்பது மட்டும் ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே என்று இருக்கும்.

கடைசியாக ஆட்கள். சேலத்தில் பகலில் குழந்தையிடம் நானும் மாமியாரும் மட்டும்; அத்தைக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏறி இறங்கக் குழந்தையைத் தூக்கித் தர முடியாது. மலையில் அம்மா, அப்பா, தோட்டத்து வேலைக்கு வரும் அக்காமார்கள் என்று யாராவது ஒருவர் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். நான் உட்கார்ந்து ஒரு வேளை சோறு தின்னலாம். இந்தச் சுகத்தைச் சிறிதாக நினைப்பவர்கள் ஆறு மாதக் குழந்தையை வளர்த்தவர்களாக இருக்க முடியாது. ஆனால் இந்த வயதிலிருந்து எட்டு, ஒன்பது மாதத்துக்குள்தான் குழந்தை வேற்று முகம் பார்க்கத் தொடங்குகிறது. இரண்டு மாதம் அப்பாவை வீடியோவில் மட்டும் பார்த்துவிட்டு, இறங்கி வந்ததும் அவரைக் கண்டு வீறிட்டு அழுதால், அவர் அதைச் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்வார், எனக்குத்தான் தாங்காது.

இவை எல்லாவற்றையும் வைத்து எடுத்த முடிவு இதுதான். ஏப்ரல் முழுவதும் சேலத்தில் இருக்கிறோம்: சுண்ணாம்புத் தளம், ஈரச் சேலை, ஏர்கூலர், முளைகட்டிய கேழ்வரகு. சாப்பாடு நிலைபெற்ற பிறகு, அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே 4-க்கு முன்பாக, வார நடுவில் ஒரு காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஒரே மூச்சில் ஏறிவிடுவோம். மே மாதக் கோடை விழா நாட்களில் மலைப்பாதை வண்டிகளால் அடைத்துக்கொள்ளும், இறங்குபவர்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. அந்த நாட்களில் நாங்கள் அசையப் போவதில்லை. கணவர் வெள்ளி இரவு பேருந்தில் ஏறி ஞாயிறு இறங்குவார். வளைவுகளைச் சுற்றுவது அவர் பாடு, குழந்தையின் பாடு அல்ல. ஜூன் முதல் வாரம் கூட்டம் கலைந்ததும் இறங்குகிறோம். இடையில் காய்ச்சல் நூறைத் தாண்டினாலோ, ஒரு நாளில் நனைக்கும் துணி ஆறுக்குக் குறைந்தாலோ, தேதி பார்க்காமல் அன்றைக்கே கீழே வந்துவிடுவது என்றும் பேசிவைத்திருக்கிறோம். ஹீட்டரை இன்னும் அட்டைப் பெட்டியைவிட்டு எடுக்கவில்லை என்று அப்பா நேற்றுச் சொன்னார். ஏறுவதற்கு முந்தின ஞாயிறு கணவர் தனியே போய், அதைச் சுவரில் மாட்டிவிட்டு வருவதாக ஏற்பாடு.